சனிக்கிழமை நோட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கனகா என்ற பெண் கோவில்பட்டியில் என் வீட்டைத் தேடி வந்தாள். புதூர்ப் பக்கம் நான் கடைசியாக வேலை பார்த்த கால்நடைக் கிளை நிலையத்தில் இப்போது அவள்தான் ஆய்வாளர். சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கையில் ஒரு படிவம் வைத்திருந்தாள். ‘உங்கள் பலங்கள், உங்கள் பலவீனங்கள், ஐந்தாண்டு இலக்கு’ என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. கடைசியில் ‘உங்கள் வழிகாட்டியின் பெயர்’ என்று ஒரு கோடு. அனுபவமுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரிடம் என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று யோசித்து வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் அவர் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“சார், நீங்கதான் எனக்கு மென்டாரா இருக்கணும். உங்க பேரச் சொன்னா அங்கன எல்லாரும் நல்லவிதமாத்தான் சொல்லுதாங்க” என்றாள்.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பலவீனங்கள் என்ற கட்டத்தில் பென்சிலால், ‘எடுத்த வேலையை முடிக்கும்வரை ஓய்வெடுக்க மாட்டேன்’ என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலவீனத்தைக் கேட்டால் இன்னொரு பலத்தைத் தூக்கி வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பினேன். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அதே வேலையை நானும் செய்தவன்தான். அவள் பென்சிலால் எழுதினாள், நான் பேனாவால் எழுதினேன்.

மறுநாள் போனில், என் பெயரை எழுத வேண்டாம் அம்மா என்று சொன்னேன். காரணம் கேட்டாள். போனில் சொல்ல வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதற்காக எழுதுவதுதான் இது.

எனக்கு முப்பத்து நான்கு வருட சர்வீஸ். அதற்கு முன்னால் பதினோரு மாதப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியாது, பரீட்சையில் தேறினேன், அவ்வளவுதான். முதல் பதினைந்து வருடம் ஆற்றுப்பாசனப் பக்கம் மாட்டோடு போயிற்று. சினை ஊசி போடுவதில் எனக்கு நல்ல பேர். அதன்பிறகுதான் சொந்த ஊருக்குப் பக்கமாக வர வேண்டும் என்று கேட்டு வாங்கி, கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே மாடு குறைவு. எங்கு திரும்பினாலும் ஆடுதான். நெட்டையான கொடி ஆடு, சிவப்புத் திட்டுப் போட்ட செம்மறி, மழை பெய்து முளைத்த இடத்தையெல்லாம் தேடிப் போகிற மந்தைகள்.

மாட்டுக்குச் செய்வதைச் சின்ன அளவில் செய்தால் ஆட்டுக்குச் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். இரண்டாவது வாரத்திலேயே அந்த நம்பிக்கை போயிற்று. குடற்புழு மருந்து கொடுக்கும்போது ஒரு கிடாயின் தலையை மாட்டுக்குத் தூக்குவதுபோல் அண்ணாந்து பிடித்து ஊற்றினேன். மருந்து புரையேறி நுரையீரலுக்குள் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் கிடாய் செத்தது. ஆட்டுக்காரர் சண்டை போடவில்லை. “சாருக்கு மாட்டாஸ்பத்திரிதான் தோதுப்படும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது நாற்பது வயது. பதினைந்து வருடம் பார்த்த தொழிலில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக நின்றேன்.

யாரிடமாவது உட்கார்ந்து கற்றுக்கொண்டால்தான் பிழைக்கலாம் என்று தெரிந்துவிட்டது. யாரிடம் போவது என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூத்த மருத்துவர் ஒருவர் இருந்தார். தங்கமான மனிதர், எதைக் கேட்டாலும் டீ வாங்கிக் கொடுத்து அவருடைய பழைய கதையைச் சொல்வார். கேட்ட கேள்வி டீ கிளாசோடு போய்விடும். இன்னொருவர் யாரைப் பிடித்தால் எந்த ஊருக்கு மாறுதல் கிடைக்கும் என்பதைத்தான் கற்றுக்கொடுப்பார். மூன்றாவது, எங்கள் மருந்தகத்துக்கு அப்போதுதான் வந்திருந்த டாக்டர் மேகலா. நாமக்கல் பக்கத்துப் பெண். வயது இருபத்தொன்பது. என்னைவிடப் பதினோரு வயது இளையவர், என் மேலதிகாரி.

அவர் வேலை செய்வதை ஒருநாள் ஓரமாக நின்று பார்த்தேன். ஆட்டைக் கொண்டுவந்ததும் தொடவில்லை. பத்தடி தள்ளி நின்று, அது எப்படி நிற்கிறது, மூச்சை எப்படி விடுகிறது, மற்ற ஆட்டோடு ஒட்டி நிற்கிறதா ஒதுங்கி நிற்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஆட்டுக்காரரிடம் என்ன நடந்தது என்று கேட்டார். அவர் சொல்லி முடித்ததும் ‘அப்புறம்?’ என்றார். அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். மறுபடியும் ‘அப்புறம்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார். மூன்றாவது ‘அப்புறம்?’ கேட்ட பிறகுதான், ஆடு முந்தாநாள் பக்கத்துக் காட்டில் பருத்திக்கு மருந்தடித்த இடத்தில் மேய்ந்த சங்கதி வெளியே வந்தது. இவரிடம்தான் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிவு செய்வது வேறு, போய்க் கேட்பது வேறு. கேட்பதற்கு முன்னால் நான் செய்த முஸ்தீபைச் சொன்னால் சிரிப்பீர்கள். எட்டயபுரத்திலிருந்து போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேச்சை ஒத்திகை பார்த்தேன். எனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று ஒரு பட்டியல், எதெல்லாம் தெரிய வேண்டும் என்று ஒரு பட்டியல். முதல் பட்டியல் இரண்டு பக்கம் வந்தது, இரண்டாவது கால் பக்கம்தான். அதிலும் கிடாய் செத்ததை எழுதவில்லை.

மேகலா மேடம் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, என் வயசு உங்களுக்குச் சங்கடமா இருக்காதா சார் என்று கேட்டார். இருக்காது மேடம் என்றேன். அது பொய். கொஞ்சம் இருந்தது. அவர் சம்மதித்து, எப்படிச் செய்யலாம் என்று சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம், மருந்தகத்தில் கூட்டம் ஓய்ந்த பிறகு அரைமணி நேரம். ஒரு நோட்டு போட வேண்டும். பக்கத்தை மூன்றாகக் கோடு கிழித்து, முதலாவதில் இந்த வாரம் என்ன செய்தேன், இரண்டாவதில் எது தெரியாமல் முழித்தேன், மூன்றாவதில் எதைத் தப்பாகச் செய்தேன்.

“மூணாவதுதான் சார் முக்கியம். அது நமக்குள்ள மட்டும். அத வச்சு உங்க மேல ஒரு குறிப்பும் எழுத மாட்டேன். ஆனா அதுல பொய் வரக்கூடாதுங்க. வந்தா நான் உங்களுக்கு எதைச் சொல்லித் தர்றதுன்னு எனக்கே தெரியாது” என்றார்.

முதல் சனிக்கிழமை அவரே தன்னுடைய மூன்றாவதைச் சொல்லித் தொடங்கிவைத்தார். முந்தைய ஊரில் ஒரு மந்தைக்கு எடையைத் தப்பாக மதித்துப் புழு மருந்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டாராம். ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. மறுநாள் ஐந்து மைல் போய் ஆட்டுக்காரரிடம், நேற்று நான் கொடுத்தது தப்பு என்று சொல்லி மறுபடியும் கொடுத்தார். அந்த ஆள் அரைமணி நேரம் வைது தீர்த்துவிட்டு, கடைசியில் கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தாராம். கூழ் நல்லா இருந்துச்சுங்க என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த ஒன்றரை வருடத்தில் நான் கற்றதுதான் இன்றைக்கும் என் கையில் இருக்கிற தொழில். ஆட்டின் கீழிமையை விரலால் இறக்கி நிறத்தைப் பார்த்து ரத்தம் குறைந்திருப்பதைச் சொல்வது, தலையை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்காமல் மருந்து கொடுப்பது, மந்தைக்குள் நுழையும் முன் மந்தையைச் சுற்றி ஒரு நடை நடப்பது. என்னைத்தான் செய்ய விடுவார். நான் செய்யும்போது பின்னால் நிற்பார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. ஏன் மேடம் இப்படி நிற்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கையை முன்னால் வைத்திருந்தால் அது தானாக நீண்டு உங்கள் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிவிடும் என்றார். நான் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். எனக்காகத் தன் கையைக் கட்டிப்போட்ட அதிகாரி அவர் ஒருவர்தான்.

நோட்டில் முதல் இரண்டு பகுதியும் ஒழுங்காகவே எழுதினேன். மூன்றாவதில்தான் என் புத்தி வேலை செய்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே உட்கார்ந்து, அந்த வாரம் செய்த தப்புகளில் எதைக் கொண்டுபோனால் பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும் என்று பொறுக்குவேன். சின்னதாக இருக்க வேண்டும். யாருக்கும் நஷ்டம் வந்திருக்கக் கூடாது. அதைச் சொல்வதால் ‘இவர் எவ்வளவு நேர்மையானவர்’ என்று தோன்ற வேண்டும். சட்டையைப்போல் தப்பையும் இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றையும் படித்து, ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பச்சை வரிக்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பேன். வெளியே சொல்லாத தப்புகள் வேறு ஒரு நோட்டாக என் மனசுக்குள் சேர்ந்துகொண்டிருந்தன.

இப்போது அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடும் மருந்து சின்னப் புட்டியில் பொடியாக வரும். ஒரு புட்டி நூறு ஆட்டுக்கு. குளிர்ந்த நீர்மருந்தில் கலக்கி, ஐஸ் பெட்டிக்குள்ளேயே வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். நேரம் தாண்டினாலோ சூடு பட்டாலோ மருந்து செத்துவிடும். பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆட்டுக்குப் போட்டால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை. மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் பதிவேட்டில் ‘வீண்’ என்ற இடத்தில் எண்ணிக்கையையும் காரணத்தையும் எழுத வேண்டும்.

அந்த இடத்தில் நான் ஒரு வருடமாகச் சுழியம்தான் எழுதிவந்தேன். அதற்காகச் சுதந்திர தினத்தன்று எனக்கு நற்சான்றிதழ் கொடுக்கப் பரிந்துரை போயிருந்தது. சான்றிதழ் ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எதையும் கொட்ட எனக்குக் கை வராது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. சுத்தமான ஒரு திரவத்தை மண்ணில் ஊற்றுவது என்றால் இந்த ஊர்க்காரன் எவனுக்கும் நெஞ்சு கூசும். மேகலா மேடம் அதை ஒருமுறை கேலி செய்திருக்கிறார். காவிரிக்கரைப் பக்கத்து ஆள் அவர்.

புதூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அன்றைக்கு முகாம். மந்தைகள் ராத்திரி கரிசல் காடுகளில் உரத்துக்காகக் கிடை போட்டிருக்கும். விடிந்ததும் மேயக் கிளம்பிவிடும். அதனால் ஐந்தரை மணிக்கே தொடங்கினேன். ஏழரை மணிக்கு ஐந்தாவது மந்தையில் பத்து ஆடு பாக்கி இருக்கும்போது புட்டி காலியாயிற்று. அடுத்து வர வேண்டியது மாடசாமி, பேச்சியம்மாள் தம்பதியுடைய மந்தை. எண்பத்து நான்கு ஆடு. மாடசாமி அடுத்த கிடைக்குப் பேச எட்டயபுரத்துக்குப் போய்விட்டார். பேச்சியம்மாள் ஏழரைக்குள் ஓட்டி வந்துவிடுவாள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். அதை நம்பிப் புதுப் புட்டியைக் கலக்கிப் பத்து ஆட்டுக்குப் போட்டேன்.

பேச்சியம்மாள் பத்தரைக்குத்தான் வந்தாள். வழியில் ஒரு ஆடு குட்டி போட்டுவிட்டது. அது எழுந்து பால் குடிக்கிறவரை மந்தையை நிறுத்தியிருக்கிறாள். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். “பிந்திப்போச்சு அண்ணாச்சி, வையாதீங்க” என்றாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆடிக் காற்றும் வெயிலும் சேர்ந்து ஐஸ் கரைந்து தண்ணீராகக் கிடந்தது. தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கலக்கிய புட்டி அதில் மிதந்தது. பக்கத்தில் உடைக்காத புட்டி ஒன்று, தனி உறையில், இரண்டு ஐஸ் பையோடு ஜில்லென்று இருந்தது. அது அடுத்த ஊருக்கு என்று எடுத்துவைத்தது. செய்ய வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழையதைக் கொட்ட வேண்டும். புதியதை உடைக்க வேண்டும். அடுத்த ஊருக்கு நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். பதிவேட்டில் ‘வீண் – 90’ என்று எழுத வேண்டும்.

நான் பழைய புட்டியை எடுத்தேன். ஒரு ஆட்டுக்குக்கூட விட்டுப்போகாமல், தோலைக் கிள்ளித் தூக்கி, பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் எண்பத்து நான்குக்கும் போட்டேன். பேச்சியம்மாள் ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கொடுத்தாள். கடைசியில் எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்து, கோபப்படாமல் இருந்ததற்குக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது பகுதியில் நான் எழுதியது இது: ‘ஊசி முனை மழுங்கியதைக் கவனிக்காமல் பத்து ஆடுகளுக்குப் போட்டுவிட்டேன்.’ அதுவும் நடந்ததல்ல. பஸ்ஸில் யோசித்துக் கண்டுபிடித்தது. மேகலா மேடம் படித்தார். ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: ‘நன்று. இப்படியே எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.’

அதற்குப் பிறகு நோய் வருவதற்குள் எத்தனை சனிக்கிழமை இருந்தன என்று இப்போது நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது. அதில் ஏதாவது ஒன்றில் வாயைத் திறந்திருந்தால், “சரி, நாளைக்குப் போய் மறுபடியும் போட்டுட்டு வந்துருங்க சார்” என்று சொல்லியிருப்பார். அதற்கு மேல் ஒன்றும் நடந்திருக்காது. பேச்சியம்மாள் வைதிருந்தாலும் ஒரு நாளோடு போயிருக்கும். இடையில் ஒருதரம் சந்தையில் என்னைப் பார்த்து, மருந்து போட்ட பிறகு ஆடெல்லாம் தெளிச்சியாக இருக்கிறது அண்ணாச்சி என்று சொன்னாள். அதைக் கேட்டதும், ஒருவேளை மருந்து சாகவில்லையோ என்று எனக்கே ஒரு சமாதானம் வந்தது. சுதந்திர தினத்தன்று சான்றிதழையும் வாங்கிக்கொண்டேன்.

கார்த்திகை மழைக்குப் பின் நோய் வந்தது. சந்தையில் வாங்கிய ஆடுகளோடு வந்திருக்க வேண்டும். காய்ச்சல், மூக்கில் சளி, வாயெல்லாம் புண், கழிச்சல். அந்த ஊரில் ஆறு மந்தையில் ஐந்து மந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடசாமி மந்தை மட்டும் விழுந்தது. மேகலா மேடம் தினமும் காலையில் வண்டியில் வந்துவிடுவார். ஒவ்வொரு ஆட்டின் வாயையும் மருந்துத் தண்ணீரில் கழுவி, கிளிசரின் தடவி, எழுந்து நிற்க முடியாததற்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, கஞ்சியைக் கையால் புகட்டினார். நானும் கூடவே செய்தேன். அந்த ஒன்பது நாள் உழைத்ததுபோல் என் சர்வீஸில் வேறெப்போதும் உழைத்ததில்லை. ஐம்பத்தேழு ஆடு செத்தது.

குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மழையில் ஊறிய கரிசல் கடப்பாரையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. குழியோரத்தில் நின்ற மாடசாமி எல்லார் முன்னாலும் பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னார்: “நேரத்துக்குப் போன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா. ஒரு குட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்து, மந்தையவே குழியில போட்டுட்ட.” பேச்சியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். நான் சுண்ணாம்புக் கூடையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே நின்றேன். கூடையிலிருந்து இன்னொரு கை சுண்ணாம்பை அள்ளிக் குழிக்குள் போட்டேன்.

மேகலா மேடம் என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். “இந்த மந்தைக்குப் போட்ட அன்னைக்கு மருந்து சரியாத்தானே இருந்துச்சு சார்?”

“ஆமா மேடம்.”

அவர் ‘அப்புறம்?’ என்று கேட்கவில்லை. எத்தனையோ ஆட்டுக்காரர்களிடம் கேட்டவர் என்னிடம் கேட்கவில்லை. நோட்டில் அத்தனை தப்பையும் தானாக எழுதிக்கொண்டு வருகிற ஆளிடம் இரண்டாம் தடவை கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

என் சொல்லை நம்பி, அந்தப் புட்டி வந்த தொகுப்பே பழுதாக இருக்கலாம் என்று அறிக்கை எழுதினார். மேலே அனுப்பிச் சோதித்தார்கள். அதே தொகுப்பில் வந்த மற்ற புட்டிகள் நன்றாக இருந்தன. மற்ற ஐந்து மந்தையும் நின்றதே அதற்குச் சாட்சி. போதிய மேற்பார்வை இல்லை, ஆதாரமில்லாமல் மருந்தின் மேல் பழி போட்டார் என்று அவரிடம் விளக்கம் கேட்டார்கள். ஒரு மாதத்தில் மலைப்பக்கம் ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கு வர வேண்டிய மேற்படிப்பு அனுமதியும் அந்த வருடம் நின்றுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கடைசிச் சனிக்கிழமையும் நோட்டோடுதான் போனேன். அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். அவரே முந்திக்கொண்டார். “உங்க ஆய்வாளர்தான் தப்புப் பண்ணியிருப்பார், அவர் மேல எழுதிக் கொடுங்கன்னு சொன்னாங்க சார். அவர் எங்கிட்ட எதையும் மறைக்கிறவர் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்” என்றார். கொண்டுபோன நோட்டைத் திறக்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். அவர் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் நான் நல்ல ஆய்வாளராகவே இருந்தேன். வீண் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன், சான்றிதழ் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை உட்கார வேறு யாரையும் தேடவில்லை. என்னிடம் உட்கார வந்தவர்களையும் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அடக்கமானவர் என்று பேர் வந்தது. அந்தப் பேரைத்தான் கனகா கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

கனகாவிடமே எண் வாங்கி மேகலா மேடத்துக்குப் போன் செய்தேன். இப்போது வேறு மாவட்டத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். குரலைக் கேட்டதுமே, சண்முகவேல் சார்தானே என்றார். இருபது வருடம் கழித்து. நான் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதையும் எழுதாததையும் சொன்னேன். ஐஸ் கரைந்தது, உடைக்காத புட்டி, குழியோரத்தில் சொன்ன பதில், எல்லாவற்றையும்.

“அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா சார்?” என்று கேட்டார்.

“இல்ல மேடம்.”

“அப்புறம்?”

அதோடு போனை வைத்துவிட்டார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

புதன்கிழமை எட்டயபுரம் போய், அங்கிருந்து புதூர் பஸ் பிடித்து, இறங்கி நடந்தேன். விசாரித்ததில் விவரம் கிடைத்தது. மிச்ச ஆடுகளை அந்த வருடமே விற்றுவிட்டார்கள். மாடசாமி கேரளாவில் ஒரு டீக்கடையில் பல வருடம் நின்றார். பேச்சியம்மாள் கோவில்பட்டிக்குத் தினமும் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். மாடசாமி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அவள் ஊரிலேயே இரண்டு வெள்ளாடு வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

வேலியில் முள் கட்டிக்கொண்டிருந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. ஊசி போட வருகிற அண்ணாச்சி என்றதும் முகம் மலர்ந்து, இங்கன நிழலுக்கு வாங்க என்று கூப்பிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். நீங்கள் பிந்தி வந்ததால் ஆடு சாகவில்லை. நல்ல மருந்து என் பெட்டியில் இருந்தது. நான்தான் எடுக்கவில்லை. தெரிந்தேதான் செத்த மருந்தைப் போட்டேன்.

அவள் கையில் இருந்த முள்ளைக் கீழே போடவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். இன்னொரு தரம் சொன்னேன். வைவாள் என்று எதிர்பார்த்தேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“சாவுத வரைக்கும் அவிய அதையேதான் சொன்னாவ” என்றாள். “கேரளாலேருந்து வருசத்துக்கு ஒருக்க வருவாவ. வந்தா, ஒரு குட்டிக்காக மந்தையக் கொன்னவன்னு சொல்லாம ஒரு வேளை சோறு தின்னதில்ல. நானும் ஆமா, எம்மேலதான் தப்புன்னு இருந்தேன். கடைசியா ஆஸ்பத்திரியில கெடக்கையிலயும் அதத்தான் சொன்னாவ.”

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“ரெண்டு வருசத்துக்கு முன்ன வந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி? அவிய காதுல விழ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா.”

அவள் செம்பை எடுத்து மறுபடியும் என் கையில் கொடுத்து, குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க என்றாள். நாலரை பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது என்றும் சொன்னாள். நான் குடித்து முடிக்கிறவரை நின்றுவிட்டு, வேலிக்குப் போய் முள்ளைக் கட்டத் தொடங்கினாள்.